நாற்பது சங்குகளின் வளர்ச்சி

இராஜாங்கத்துக்கு அரசாங்க வேலை கிடைத்தபோது அது என்ன வேலை என்று கீழத்தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. "சங்கை அளக்கணுமாம்" என்றார் அவன் அப்பா துரைக்கண்ணு. எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்டவர்களிடம், "வளருதான்னு பாக்கத்தான்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. குடவாசலுக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் நடவும் களையெடுப்பும் அறுப்பும்தான் பிழைப்பு. கடலைப் பார்த்தவர்களே அந்தத் தெருவில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம்.

அது 1972. சென்னையில் ஆட்சி மாறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பண்ணையாட்களின் பிள்ளைகளில் பள்ளியிறுதி வரை தட்டுத்தடுமாறிப் படித்தவர்கள் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பெயரைப் பதிந்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தத் தெருவுக்கு வந்த முதல் கடிதம் இராஜாங்கத்துடையது. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி ஓர் ஓட்டுக் கொட்டகை. உள்ளே இடுப்பளவு உயரத்தில் நான்கு சிமெண்டுத் தொட்டிகள். அடியில் ஒரு முழத்துக்கு மணல், அதன்மேல் கடல்நீர். மணலுக்குள் நாற்பது சங்குகள் புதைந்து கிடந்தன. பூஜையில் வைக்கிற வெள்ளைச் சங்கைத்தான் இராஜாங்கம் பார்த்திருக்கிறான். இவை பழுப்பு நிறத் தோல் போர்த்திக்கொண்டு, உள்ளேயிருந்து சிவந்த சதையை நீட்டி மெல்ல நகர்ந்தன. சங்கு ஒரு கடல் நத்தை என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அங்கே அதிகாரியாக இருந்தவர் கல்யாணம். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள், பாபநாசத்துக்காரர். அவர் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் பத்து வேலி நிலம், அறுபது ஏக்கருக்கு மேல், இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வருவதற்கு முன்பே பாதியை விற்று, வந்த பிறகு மீதியையும் விட்டுவிட்டு, அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். முதல் நாள் இராஜாங்கம் வாசலில் நின்றபடியே வணக்கம் சொன்னான். கல்யாணம் எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கோ. நின்னுண்டே பேசினா எனக்குக் கழுத்து வலிக்கும்."

அவர் குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பத்தின் வயலில்தான் இராஜாங்கத்தின் அப்பாவும் தாத்தாவும் உழைத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் ஒருவர் தன்னை வாங்க, போங்க என்று பேசியது அதுதான் முதல் தடவை. பிற்காலத்தில் இராஜாங்கம் தன் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான் ஆரம்பிப்பான். அதில் உட்கார்ந்தவன் என்ன செய்தான் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்லுவான்.

வேலையைக் கல்யாணம் பொறுமையாக விளக்கினார். கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர்கள் கரைக்கு வந்ததும் ஒரு பலகையில் போட்டிருக்கும் வட்டத் துளையில் ஒவ்வொரு சங்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். துளை இரண்டே கால் அங்குலம். அதில் நுழைந்துவிடுகிற சங்கு சிறியது, அதை உயிரோடு கடலில் திரும்பப் போட்டுவிட வேண்டும். நுழையாததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் துளையில் நுழைகிற சங்கு நுழையாத சங்காக ஆவதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் தெரியாது.

"அது தெரிஞ்சாத்தான் ஒரு தடவை எடுத்த இடத்தை எத்தனை வருஷம் விட்டு வைக்கணும்னு சொல்ல முடியும். இப்ப குத்துமதிப்பா மூணு வருஷம் விடறோம். நீங்க மாசா மாசம் அளந்து சொல்லப்போறதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்" என்றார்.

பித்தளைப் பெட்டியிலிருந்து வெர்னியரை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் கருவி. ஒவ்வொரு சங்கின் தோளிலும் அரத்தால் கீறிய எண் இருந்தது, ஒன்று முதல் நாற்பது வரை.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற மீனவர் தெருவிலிருந்து அமிர்தம் வருவாள். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தினக்கூலி. காலையிலும் மாலையிலும் குடம் குடமாகக் கடல்நீர் சுமந்து கொட்டுவாள். சங்குக்குத் தீனியான புழுக்களை ஈர மணலில் தோண்டி எடுத்து வருவதும் அவள்தான். இராஜாங்கத்தைத் 'தம்பி' என்பாள், அவன் 'அக்கா' என்பான்.

முதல் ஏழு மாதம் இராஜாங்கம் பழுதில்லாமல் வேலை செய்தான். ஒவ்வொரு மாதமும் கடைசித் தேதி நாற்பது சங்குகளையும் எடுத்து, துடைத்து, ஒவ்வொன்றையும் மூன்று தரம் அளந்து எழுதினான். பிரச்சினை என்னவென்றால் சங்கு வளரவே இல்லை. மார்ச்சில் எழுதிய எண்ணையே ஏப்ரலிலும் எழுதினான். ஏழாவது மாதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சராசரி ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தது. சிலது அதுவும் இல்லை. நாற்று நட்டு நூறு நாளில் கதிர் அறுக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அது தன் குறை போலத் தோன்றியது.

"சார், நான் சரியாத்தான் அளக்கறேனா?"

கல்யாணம் சிரித்தார். "வளரலைன்னு கண்டுபிடிக்கறதும் கண்டுபிடிப்புதான். நீங்க பாட்டுக்கு உள்ளதை எழுதுங்கோ."

செப்டம்பர் கடைசியில் கல்யாணம் ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போனார். டிசம்பரில்தான் திரும்புவார். கொட்டகையின் பொறுப்பு இராஜாங்கத்திடம் வந்தது.

அக்டோபரில் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஆள் வந்தது. களத்தில் கூலி நெல் அளந்த மரக்காலைத் துரைக்கண்ணு எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். உள்ளே அடியில் அரக்கை ஊற்றி மேடாக்கியிருந்தது. நிறைய அளந்தது போல் இருக்கும், ஒவ்வொரு தடவையும் இரண்டு கை நெல் குறையும். எத்தனை வருஷமாக அப்படி அளந்தார்களோ. சத்தம் பெரிதாகி, பண்ணையின் ஆட்கள் தடியெடுக்க, செங்கொடிக்காரர்கள் திரள, போலீஸ் வந்து கீழத்தெரு ஆட்கள் ஏழு பேரைக் குடவாசல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது. துரைக்கண்ணுவின் மண்டையில் நாலு தையல்.

லீவு கேட்டு எழுத யாரும் இல்லை. கல்யாணத்துக்குக் கடிதம் போட்டுப் பதில் வர ஒரு வாரம் ஆகும். "ரெண்டு நாள்ல வந்துடறேங்க்கா, தொட்டியைப் பாத்துக்குங்க" என்று அமிர்தத்திடம் சொல்லிவிட்டு இராஜாங்கம் பஸ் ஏறினான்.

இரண்டு நாள் பதினோரு நாளாயிற்று. ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்தான். நான்காம் நாள் புயல்மழை பிடித்துக்கொண்டது. பஸ் நின்றுபோனது. அறுத்துப் போட்ட நெல் களத்திலேயே முளைவிட்டது. அப்பாவை வெளியே கொண்டுவந்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு அவன் தரங்கம்பாடிக்குத் திரும்பியபோது கொட்டகையின் கடல் பக்கத்துக் கூரை பாதி இல்லை. தொட்டிகள் விளிம்பு வரை நிறைந்திருந்தன. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்பு இல்லை. மழைத் தண்ணீர்.

அமிர்தம் வந்து நின்றாள். அவள் குடிசையும் போய்விட்டிருந்தது. மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் தங்கியிருந்தாளாம்.

"அலை கொட்டகை வரைக்கும் வந்துச்சு தம்பி. கிட்டவே வர முடியல. ஆறாம் நாள் வந்து பாக்கறேன், எல்லாம் வாயைத் தொறந்துகிட்டு நாத்தம். நாய் இழுக்குதேன்னு மணல்ல பொதைச்சேன்."

"நாப்பதுமா?"

"நாப்பதும்தான்."

அவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அமிர்தம் சொன்னாள்: "அதுக்கு என்ன செய்ய முடியும்? செத்ததைச் செத்துதுன்னு எழுதிட்டுப் போங்களேன்."

அன்று அவள் சொன்னபடி செய்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவன் மனதில் ஓடியது வேறு. லீவு எழுதாமல் போனது தப்பு. போனது ஸ்டேஷனுக்கு, அதுவும் கொடிக்கட்சித் தகராறில் உள்ளே போன அப்பாவுக்காக. இந்த ஆட்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று யாராவது ஒருவர் சொல்லுவார். கல்யாணம் சொல்லமாட்டார், ஆனால் இழுத்துப் போட்ட நாற்காலியை நினைத்துக்கொள்ளுவார். தெருவுக்கு வந்த முதல் கடிதம் ஏழே மாதத்தில் திரும்பிப் போகும்.

மறுநாள் அவன் முகம்மது யூசுப்பைத் தேடிப் போனான். யூசுப் சங்கு முங்குவதில் பேர் போனவர். கீழக்கரையிலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவர், நாற்பது வயதிலும் ஒரே மூச்சில் ஐந்தாறு பாகம், அதாவது முப்பது அடிக்கு மேல், ஆழத்துக்குப் போய் வருவார்.

"நாப்பது சங்கு வேணும் பாய். உசுரோட."

"கடல் கலங்கிக் கிடக்கு தம்பி, இப்ப முங்க முடியாது. நண்டு வலையில ஒண்ணு ரெண்டு வரும், சேத்துத் தாறேன். எதுக்கு?"

"தொட்டியில கொஞ்சம் செத்துப் போச்சு."

ஒரு மாதத்தில் நாற்பது சேர்ந்தது. பழைய அளவுக்கே கிடைக்கவில்லை. கொஞ்சம் பெரியவையாக இருந்தன. இராஜாங்கம் ஒவ்வொன்றின் தோளிலும் எண் கீறினான். புதுக் கீறல் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்ததால் புளியும் சேறும் கலந்து தேய்த்தான். அந்த வேலையை அவன் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தான் என்பதுதான் பிற்பாடு அவனுக்கு அதிகம் கூசியது.

டிசம்பரில் கல்யாணம் வந்தார். நோட்டைப் பார்த்தார், தானே பத்துச் சங்கை எடுத்து அளந்தார். நோட்டில் இருந்த அளவும் கையில் இருந்த அளவும் சரியாக இருந்தன. எட்டாவது மாதத்திலிருந்து சங்கு திடீரென்று வளர ஆரம்பித்திருந்தது.

"மழைக்காலத்துல தீனி ஜாஸ்தியோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "இராஜாங்கம், இதை எங்கேயும் யாரும் பார்த்ததில்லை."

ஒரு பொய்யோடு அது நிற்கவில்லை. புதிய சங்குகளும் வளரவில்லை. எட்டாவது மாதம் அப்படி வளர்ந்தது ஒன்பதில், பத்தில் நின்றுபோனால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கல்யாணம் வெளியூர் போகிற சமயம் பார்த்து, இருப்பதை எடுத்துக் கடலில் விட்டுவிட்டு யூசுப்பிடம் வாங்கிய இன்னும் சற்றுப் பெரியவற்றை எண் கீறிப் போட்டான். இப்படி இன்னும் பதினேழு மாதம்.

அமிர்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வாய் திறக்கவில்லை. ஒரு நாள் கல்யாணம் தொட்டியருகே நின்று, "முப்பதாம் நம்பர் எப்படி வளர்ந்திருக்கு பார்த்தியோ அமிர்தம்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"முப்பதுக்கு வாயோரம் ஒரு ஒடைசல் இருந்துச்சு சார்" என்றாள் அவள். பிறகு இராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"வளர்றச்சே மூடிண்டிருக்கும்" என்றார் கல்யாணம்.

அந்த வாரம் முழுக்க இராஜாங்கம் அமிர்தம் வரும் நேரத்தில் கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டான். அடுத்த திங்கட்கிழமை கல்யாணத்திடம் போய், "அந்தம்மா தண்ணி சரியா மாத்தறதில்ல சார். புழுவும் ஒழுங்கா கொண்டாறதில்ல. வேற ஆள் போட்டா நல்லது" என்றான். தினக்கூலிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அமிர்தத்திடம் சொன்னவனும் அவனேதான். அவள் கோபப்படவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரிங்க சார்" என்றாள். அதுவரை அவள் அவனை 'சார்' என்று கூப்பிட்டதில்லை.

1974-ல் கல்யாணம் அறிக்கை எழுதி முடித்தார். சிறு சங்கு ஒரே வருஷத்தில் அரை அங்குலம் பருக்கிறது என்பது அதன் சாரம். முன்னுரையில் இராஜாங்கத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அவருடைய கையின் துல்லியமும் நேர்மையும் இல்லாமல் இந்த ஆய்வு இல்லை என்று எழுதியிருந்தார். டைப் அடித்த அந்தப் பக்கத்தை அவனுக்கே படித்துக் காட்டினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அடக்கம் என்று அவர் நினைத்தார்.

அந்த ஆவணியில் துரைக்கண்ணு மகனைப் பார்க்க வந்தார். மண்டைத் தழும்பு தெரியாமல் தலையில் துண்டு கட்டியிருந்தார். வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. களத்தில் இப்போது சர்க்கார் முத்திரை போட்ட மரக்கால்தான், அதைச் சொல்லத்தான் வந்தாராம். கல்யாணம் அவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, "உங்க பிள்ளை மாதிரி அளக்க ஆள் கிடையாது" என்றார். அவர் உள்ளே போனதும் துரைக்கண்ணு வெர்னியரைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். அதன் தாடைகளை விரித்து, மூடி, தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"இதுல அரக்கு கிரக்கு வைக்க முடியாதுல்ல?"

"முடியாதுப்பா."

"அதானே. இரும்புல்ல." அவர் கருவியைத் துண்டால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "யாரும் ஏமாத்த முடியாது."

அன்று அவரைப் பொறையாறு பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வந்து இராஜாங்கம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை. அப்பா வெர்னியரைத் துண்டால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தது மட்டும் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது.

அறிக்கை மேலே போயிற்று. சங்கு அவ்வளவு வேகமாக வளர்கிறது என்றால் கடலை மூன்று வருஷம் மூடி வைப்பானேன் என்று மேலிடத்தில் முடிவானது. இந்தக் கரைக்கு மட்டும் வருஷா வருஷம் எடுக்க அனுமதி வந்தது. பலகையில் துளையையும் இரண்டு அங்குலமாகச் சிறிதாக்கினார்கள். முதல் மூன்று பருவங்கள் தோணி தோணியாகச் சங்கு வந்தது. முங்குகிறவர்கள் கல்யாணத்துக்கு மாலை போட்டார்கள். இராஜாங்கத்துக்கும் ஒன்று போட்டார்கள்.

நான்காம் பருவத்தில் சாக்குகள் பாதிதான் நிறைந்தன. ஐந்தாவதில் அதுவும் இல்லை. வந்தவையெல்லாம் புதுத் துளையிலேயே நுழைகிற அளவு. பங்குனியில் கரையில் ஒதுங்கும் சங்குப்பூ, அதாவது ஆட்டுக்கொம்பு போல் முறுக்கிக்கொண்டிருக்கும் முட்டைக்கூடு, அந்த வருஷம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"பூவே ஒதுங்கலையே தம்பி" என்றார் யூசுப். "உங்க தொட்டியில வளந்த வேகத்துக்கு இங்கயும் வளரணுமே."

கரையோரம் கிடைக்காததால் யூசுப்பும் மற்றவர்களும் தள்ளிப் போய் ஆழத்தில் முங்கினார்கள். 1980 பிப்ரவரியில் ஒரு பகல்பொழுது யூசுப்பைத் தோணியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு காதிலும் இரத்தம். ஒன்பது பாகம் இறங்கியிருக்கிறார். அவரைக் கைத்தாங்கலாக இறக்கியவர்களில் இராஜாங்கமும் ஒருவன். "பாய், பாய்" என்று கூப்பிட்டான். யூசுப் அவன் உதடுகளையே பார்த்தார். அன்றோடு அவருக்குக் காது போயிற்று. அவர் எடுத்து வந்த சாக்கில் இருந்தது பதினான்கு சங்கு. இராஜாங்கம் அவற்றைப் பலகைத் துளையில் வைத்துப் பார்த்தான். ஒன்பது நுழைந்தது.

அதே வருஷம் சென்னையில் ஒரு கூட்டம். வேறு கரையில் ஆய்வு செய்த ஒருவர், தங்கள் சங்கு வருஷத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட வளரவில்லை என்று சொல்லி, "தரங்கம்பாடியில் சங்குக்கு என்ன, பாலும் பழமும் கொடுத்தீர்களா?" என்று கேட்டாராம். அறை முழுக்கச் சிரிப்பு. கல்யாணம் எழுந்து, "அளந்த ஆளை எனக்குத் தெரியும். அந்தக் கையை நான் சந்தேகப்படமாட்டேன்" என்றாராம். திரும்பி வந்து இதை இராஜாங்கத்திடம் சொன்னவரும் அவர்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "விடுங்க சார்" என்றான், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் கல்யாணத்தை எங்கோ ஒரு மீன்விதைப் பண்ணைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அவர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு பாபநாசத்துக்குப் போய்விட்டார். இராஜாங்கத்துக்குப் பதவி உயர்வு வந்தது. கல்யாணம் போகும் முன் எழுதிவிட்டுப் போன பரிந்துரையால் வந்தது அது.

1984 தையில் துரைக்கண்ணு இறந்தார். கடைசிக் காலத்தில் உச்சவரம்பில் வந்த ஒரு ஏக்கர் அவர் பேரில் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர், சாவு வீட்டில் பேசுகிற நிதானத்தோடு சொன்னார்: "மரக்காலக் கவுத்துக் காட்டுன மனுசன். அன்னிக்கு அவரு பயந்திருந்தா இன்னிக்கும் நாம கொறஞ்ச அளவையேதான் வாங்கிக்கிட்டிருப்போம். புள்ளையும் அதே தொழில்ல, அதே நாணயம். எங்கிட்டயே சொல்லுவாரு, எம் மவன் அளந்தா அளந்ததுதான்னு."

எல்லோரும் இராஜாங்கத்தைப் பார்த்தார்கள். அவன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். அங்கே சுவர் ஓரமாகக் குந்திவிட்டான். துக்கம் தாங்காமல் என்று அவன் மனைவி அம்சம் தண்ணீர் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவளிடம்தான் வாயைத் திறந்தான். அவள் நின்றபடியே முழுவதையும் கேட்டாள். "அந்தப் பொம்பளைய வேற தள்ளி விட்டீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கருமாதி முடிகிற வரை அவனிடம் பேசவில்லை.

பதினேழாம் நாள் இராஜாங்கம் பழைய நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாபநாசம் போனான். கல்யாணத்துக்கு ஐம்பது வயதுதான் இருக்கும், முடி முழுக்க நரைத்திருந்தது. "வாங்கோ வாங்கோ" என்று உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அவர் மனைவி விஜயம் காபி கொண்டுவந்து வைத்தார். இராஜாங்கம் டம்ளரைத் தொடவில்லை.

"சார், எட்டாவது மாசத்துலேருந்து நான் எழுதினது எல்லாம் பொய்."

புயல், செத்த நாற்பது, யூசுப்பிடம் வாங்கியது, புளியும் சேறும், எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணம் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. விஜயம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேர் சிரிச்சா, தெரியுமோ" என்றார் கல்யாணம் கடைசியில். "நான் நிமிர்ந்து நின்னேன். உங்களுக்காக."

"தெரியும் சார்."

"செத்துப் போச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? இன்னொரு நாற்பது போட்டிருப்போம். அவ்வளவுதானே. என்னை அவ்வளவு மோசமானவன்னா நினைச்சேள்?"

அவரை அப்படி நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். உள்ளுக்குள் எங்கோ அப்படித்தான் நினைத்திருந்தான். அவர் கொடுத்த மரியாதை தன்னிடம் இரவலாக இருக்கிறது, ஒரு தப்பு செய்தால் திரும்பப் பிடுங்கிக்கொள்வார் என்று. அதை அவரிடம் சொல்லாமல் பையைத் திறந்து நோட்டை எடுத்து நீட்டினான்.

கல்யாணம் நோட்டை வாங்கிப் புரட்டினார். "எது வரைக்கும் நிஜம்?"

"ஏழாவது மாசம் வரைக்கும்."

சிவப்பு மைப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். "மிச்சத்தை நீங்களே அடியுங்கோ. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்கோ."

பதினெட்டு மாதம், பதினெட்டுப் பக்கம். இராஜாங்கம் ஒவ்வொன்றாக அடித்துக் கையெழுத்திட்டான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் மேலிடத்துக்கு ஒரு கடிதத்தைத் தானே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டு வாசல் வரை வந்தவர், "போயிட்டு வாங்கோ" என்று வழக்கம் போல் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. நான்கு வருஷம் கழித்து அவர் காலமான செய்தியைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

வேலை போகும் என்று எதிர்பார்த்தான். ஓர் ஆண்டு சம்பள உயர்வை நிறுத்தினார்கள், கண்டித்து ஒரு கடிதம் வந்தது, அத்தோடு சரி. கடலில் சங்கே இல்லாதபோது துளை எவ்வளவு என்பதைப் பற்றி யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. தண்டனை வந்திருந்தால் ஒருவேளை பாரம் இறங்கியிருக்கும் என்று அவன் சொல்லுவான். யூசுப்பிடமும் போனான். சொல்லிக் காதில் விழாது என்பதால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். யூசுப் தன் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, அவள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தாளை மடித்து இராஜாங்கத்தின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, வலை பின்ன உட்கார்ந்துவிட்டார்.

அமிர்தத்தைப் பார்க்கப் போகத்தான் அதிக நாள் ஆயிற்று. பொறையாறு சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போனான்.

"உங்க மேல நான் பொய் சொல்லித்தான் வேலையை விட்டு நிறுத்தினாங்க அக்கா."

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே சார்" என்றாள் அவள், கூடையில் கருவாட்டை அடுக்கிக்கொண்டே. "வேலை கெடக்கட்டும். அதுக்கப்பறம் பத்துப் பன்னண்டு வருசமா எதிர்ல வந்தா, நான் என்னமோ தப்பு செஞ்சவ மாதிரி மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனீங்க. எம் மேல ஏதோ பழி இருக்கு போலன்னு ஊர்ல நெனச்சாங்க. அதுதான் எனக்கு வலிச்சுது."

மன்னித்துவிடுங்கள் என்றான். கூடையைத் தலையில் தூக்கி வைக்க ஒரு கை கொடுக்கச் சொன்னாள். கொடுத்தான்.

இராஜாங்கம் 1986-ல் அதே தொட்டிகளைச் சுத்தம் செய்து மீண்டும் சங்கு போட்டான். யாரும் கேட்டுக்கொண்ட வேலை இல்லை. நாற்பது கிடைக்கவில்லை, பதினொன்றுதான் கிடைத்தது. தண்ணீரைத் தானே சுமந்தான். ஐந்து வருஷம் அளந்து அதே நோட்டில் எழுதினான். நான்கு செத்தன. செத்த தேதியையும் எழுதினான். மிஞ்சிய ஏழும் வருஷத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வளரவில்லை. துளையில் நுழைகிற சங்கு நுழையாததாக ஆவதற்கு ஏழெட்டு வருஷம் பிடிக்கும் என்று அதிலிருந்து தெரிந்தது. அதையும் மேலிடத்துக்கு அனுப்பினான். பெற்றுக்கொண்டதாக ஓர் அட்டை வந்தது.

ஓய்வு பெற்ற நாளில் பாராட்டுக் கூட்டம் வேண்டாம் என்று இராஜாங்கம் சொல்லிவிட்டார். குடவாசலுக்குத் திரும்பவில்லை. தரங்கம்பாடியிலேயே வாடகை வீட்டில் அம்சத்தோடு இருக்கிறார். அப்பாவின் ஒரு ஏக்கரைத் தங்கை பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரில் ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நான் அதுக்கு ஆள் இல்லை" என்றார். சங்கு ஆய்வு செய்கிறோம் என்று எந்தக் கல்லூரியிலிருந்து யார் வந்தாலும் நோட்டைத் தருகிறார். சரியான எண்களை முதலில் காட்டுவதில்லை. சிவப்பு மையில் அடித்த பதினெட்டுப் பக்கங்களைத்தான் முதலில் திறந்து வைக்கிறார். வந்தவர்கள் அவசரமாகப் புரட்டினால் கையை வைத்து நிறுத்தி, "இதைப் பாத்துட்டு அப்பறம் பாருங்க" என்கிறார். சிலர் அதற்குப் பிறகு மீதியைப் பிரதி எடுக்காமலே போய்விடுகிறார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் அவர்களைத் திரும்பக் கூப்பிடுவதில்லை.